மூன்றில் இரண்டு முடிச்சு

என் தாத்தா சிங்கப்பூருக்கு வந்ததே இல்லை என்பது எனக்கு அறுபத்து மூன்று வயதில்தான் தெரியவந்தது. அதற்குள் அவர் இங்கே ஒரு பாலம் கட்டி முடித்திருந்தார்.

பாலத்தை அவருக்குக் கட்டிக் கொடுத்தது நான்தான். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் பேருந்து ஓட்டியவன் நான். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று பயணிகளுக்குத்தான் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஓட்டுநர் பயணிகளோடு பேசக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்த இடைவெளியில் நான் ஒரு வாழ்க்கையே ஓட்டிவிட்டேன். என் வழித்தடத்தில் ஓர் ஆறு குறுக்கே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இது என் தாத்தா காலத்துப் பாலம்" என்று முன் இருக்கைக்காரர்களிடம் சொல்வேன். சில வருடங்களில் அது தாத்தா வேலை செய்த பாலம் ஆயிற்று. நான் ஓய்வு பெற்றபோது தாத்தா அங்கே தலைமை மேஸ்திரியாக இருந்தார். அவர் கைகாட்டாமல் ஒரு கல் அங்கே நகர்ந்ததில்லை.

"உங்க வாய்க்கு ஒரு ஈஆர்பி கேன்ட்ரி போடணுங்க" என்பாள் என் மனைவி. கூட்ட நேரத்தில் சாலையில் போகிற வண்டிகளுக்குச் சுங்கம் கழிக்க மேலே நிற்கிற இரும்பு வளைவைச் சொல்கிறாள். "ஒவ்வொரு கதைக்கும் பீப்னு அடிக்கட்டும். அப்பவாச்சும் கொறையும்."

இதை நான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சனங்களின் வாயிலிருந்துதான். யார் எதை நன்றாகச் சொன்னாலும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது குறித்துக்கொள்வேன். "அவசரம் இல்ல அங்கிள், லேட் மட்டும்தான்" என்று ஒரு பெண் மூச்சிரைக்க ஏறினாள். அதுவும் இருக்கிறது. இப்படி ஏழு நோட்டுகள். அவற்றில் என்னை வைத்து மற்றவர்கள் சொன்னதே பாதி.

ஓய்வு பெற்ற பிறகு முன் இருக்கை இல்லை. கதைகள் உள்ளேயே தங்கி இடுப்பில் சேர்ந்தன. காற்சட்டையின் இடுப்பைத் தளர்த்தித் தைப்பதற்காகத் தேக்கா சந்தை மாடியில் ஒரு தையல்காரரிடம் போயிருந்தேன். அங்கே படிக்கட்டுச் சுவரில் ஒரு அறிவிப்பு: குடும்ப வரலாற்றுச் சங்கம், உறுப்பினராகச் சேருங்கள், உங்கள் குடும்ப மரத்தை வரைய உதவுகிறோம், ஆண்டு விழாவில் சுவரில் மாட்டுகிறோம்.

சுவரில்! எனக்குக் காற்சட்டை மறந்துவிட்டது.

சங்கம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் மல்லி அரைக்கிற மில். அதனால் அங்கே கோப்புகளெல்லாம் குழம்பு வாசம் அடிக்கும். உறுப்பினர்கள் தும்மிக்கொண்டேதான் முன்னோர்களைத் தேடுவார்கள். விண்ணப்பப் படிவத்தில் 'சேர்வதன் நோக்கம்' என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். நான் அதை நிரப்பி, ஓரத்தில் ஏறி, பின்பக்கம் திரும்பி, பாலத்தில் முடித்தேன்.

உதவி மேசையில் ஒரு அக்கா. எழுபது வயதிருக்கும். பருத்திச் சேலை, கழுத்துச் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி. அரசாங்க அலுவலகத்தில் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்றதும் சம்பளம் இல்லாமல் அதே குடித்தனத்தை இங்கே தொடர்ந்துகொண்டிருந்தார். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிறந்து வளர்ந்தது இந்த ஊரே ஆனாலும் பேச்சு இன்னும் அம்மா வீட்டில்தான் இருந்தது. என் படிவத்தின் இரு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு பெரிய தாளை விரித்து, ஒரு பென்சிலையும் ஒரு மைப்பேனாவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, இஞ்ச ஒரு முறை இருக்கு. வாயால வந்தது பென்சில்ல. கடதாசியில வந்தது மையில. ஆண்டு விழாவுக்கு முதல் நாள் பென்சில் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, மையில இருக்கிறதை மட்டும்தான் சுவரில மாட்டுவம். விளங்குதோ?"

"எங்கிட்ட கடதாசி மூட்டை மூட்டையா இருக்குக்கா" என்றேன். இருந்தது ஒரு பிஸ்கட் டின்.

அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே செங்காங்குக்குப் போனேன், அத்தையிடம் சொல்ல.

அத்தையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என் அப்பாவின் தங்கை. வயது எழுபத்தேழு. பிள்ளைகள் இல்லை, மாமா போய்ப் பல வருடம் ஆகிறது, ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறார். பிறப்பால் சீனர். இதை நான் கடைசியில் சொல்வதைப் பார்த்தாலே தெரியும், எங்கள் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. அந்தக் காலத்தில் வளர்க்க முடியாத பெண் குழந்தைகளைச் சீனக் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்துவிடுவது இங்கே சாதாரணம். அப்படிக் கொடுத்த குழந்தையை என் தாத்தா வாங்கி வளர்த்தார் என்பதுதான் என் கதை. நான் கண் திறந்தபோதே அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். தொட்டிலில் கிடந்த என் காதில் என் பெயரை முதலில் சொன்னவரும் அவர்தான். அது அத்தையின் உரிமை. அத்தை எப்படி அத்தையானார் என்று எந்த மருமகனாவது கேட்பானா?

"செவுத்துல மாட்டுறாங்க அத்தை. தாத்தாவுக்குக் கீழ அப்பா, பக்கத்துலயே நீங்க. பெரிய எழுத்துல" என்றேன்.

பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "என் பேரா? எழுதி?"

"கண்ணாடி போட்டு, பிரேம் போட்டு."

"எல்லாரும் வந்து பாக்கலாமா?"

"நீங்க யாரைக் கூப்பிட்டாலும் வரலாம் லா."

அடுத்த வாரத்துக்குள் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை உடற்பயிற்சிக்குக் கூடுகிற பெண்கள் அத்தனை பேருக்கும் நான்கு மொழியில் செய்தி போய்விட்டது. அத்தை பட்டுச் சேலை ஒன்றை வெளியே எடுத்து, அதற்குப் புது ரவிக்கை தைக்கத் தேக்காவில் கொடுத்தார். என் காற்சட்டை தைத்த அதே தையல்காரரிடம்தான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

சங்கத்தில் நான் முதல் மாதத்தில் அறுபத்து நான்கு பேரைப் பென்சிலில் ஏற்றினேன். அக்காவின் கை வலித்திருக்கும்.

"உங்கட அப்பாவுக்கு ஒன்பது தம்பிமாரோ?"

"ஒன்பது சித்தப்பாக்கா."

"எல்லாரும் ஒரே துறைமுகக் குவார்ட்டர்ஸிலயோ?"

"ஆமாக்கா. வரிசையா பக்கத்துப் பக்கத்து வீடு."

"இதில ஒருத்தருக்குப் பக்கத்தில 'ஜாகா சித்தப்பா' எண்டு சொன்னனீங்கள்."

"காவல்காரர்க்கா. கேட்ல இருப்பாரு. பெரிய தாடி. தலப்பா கட்டியிருப்பாரு."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "தம்பி, அவர் சீக்கியர்."

நான் யோசித்துப் பார்த்தேன். ஆமாம், சித்தப்பா சப்பாத்திதான் சாப்பிடுவார்.

அங்கிருந்து ஆரம்பித்தது சரிவு. எங்கள் குவார்ட்டர்ஸில் அப்பாவைவிட மூத்தவர் எல்லாம் பெரியப்பா, இளையவர் எல்லாம் சித்தப்பா, அம்மாவோடு குழாயடியில் பேசினவர்கள் எல்லாம் சின்னம்மா. யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதுகில் விழும். அந்தப் பழக்கத்தில் நான் ஒரு முழு வரிசை வீட்டையே ரத்த சொந்தமாகப் பதிந்திருந்தேன். அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பேரைத் தொட்டு, "இவருக்கு என்ன கடதாசி?" என்பார். நான் ஒரு கதை சொல்வேன். அவர் ரப்பரை எடுப்பார். மூன்று மாதத்தில் அறுபத்து நான்கு பேர் பதினொரு பேராகிவிட்டார்கள். இவ்வளவு சாவை நான் ஒரே சமயத்தில் பார்த்ததில்லை.

பழைய செய்தித்தாள்களைப் படச்சுருளில் பார்க்கிற கருவியிலும் என்னை உட்கார வைத்தார்கள், தாத்தாவின் பாலத்தைத் தேட. கைப்பிடியைச் சுற்றினால் பக்கங்கள் ஓடும். எனக்கு ஓட்டிப் பழகிய கை.

"தம்பி, அது எக்ஸ்பிரஸ்வே இல்ல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "பத்து வருஷம் போயிட்டுது, பின்னுக்கு வாங்கோ."

பாலம் இருந்தது. கட்டியவர்கள் பட்டியலும் இருந்தது. தாத்தா இல்லை. "கூட்டத்தில நின்னிருப்பாருக்கா" என்றேன். அக்கா என் பிஸ்கட் டின்னைக் கேட்டார்.

அதில் என் பெற்றோரின் திருமணப் பதிவு இருந்தது. அது மையில் ஏறிவிட்டது. அவர்களின் கல்யாணப் படம் இருந்தது. அடியில் ஊரிலிருந்து அப்பாவுக்கு வந்த ஒரு கடிதம். கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். நான் அதைப் படித்ததே இல்லை. ஆனால் அது ஆதாரம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய் அசைய முழுவதையும் படித்தார். தேதியைப் பார்த்தார். தாளில் அத்தையின் பிறந்த வருடத்தைப் பார்த்தார்.

"உங்கட தாத்தா தவறிப்போனதை அப்பாவுக்குச் சொல்லி எழுதின கடிதம் இது. 'கடல் தாண்ட மாட்டேன் என்று சொன்னவர் அப்படியே கண்ணை மூடிவிட்டார்' எண்டு எழுதியிருக்கு. அத்தை பிறக்க ஏழு வருஷத்துக்கு முந்தின தேதி." கண்ணாடியைக் கழற்றினார். "கெட்டிக்காரர்தான். செத்து ஏழு வருஷம் கழிச்சு, கால் வைக்காத ஊரில, பிள்ளை தத்தெடுத்திருக்கிறார்."

இவ்வளவு அவமானத்திலும் என் கை சட்டைப் பையில் நோட்டைத் தேடியது. அவ்வளவு நல்ல வாக்கியம்.

தாத்தா இங்கே வந்தார் என்று எனக்கு யார் சொன்னது? அப்பாவா? அப்பா பேசவே மாட்டார். அம்மாவா? வழி நெடுக எம்.ஆர்.டி. ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். என் நிலையத்தைத் தாண்டிவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

பாலம் போனால் போகட்டும். தாத்தா வராவிட்டால் அத்தை யாருடைய மகள்? தாளில் தாத்தாவிலிருந்து அத்தைக்கு இறங்குகிற பென்சில் கோடு அந்தரத்தில் தொங்கியது. விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. ரவிக்கை தைத்து வந்துவிட்டது என்று அத்தை முந்தின நாள்தான் போன் பண்ணியிருந்தார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "ஒங்க கதையால வந்தது. கதை சொல்லாம சொல்லுங்க."

தேக்காவில் பருப்பு வடை வாங்கிக்கொண்டு செங்காங்குக்குப் போனேன். அத்தையிடம் மழை பற்றிப் பேசினேன். லிஃப்ட் பற்றிப் பேசினேன். வடையின் மொறுமொறுப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினேன்.

"டேய், நீ இவ்ளோ நேரம் தாத்தா பத்திப் பேசலன்னா ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம்" என்றார் அத்தை. "என்ன ஆச்சு?"

"அத்தை... தாத்தா உங்களத் தத்தெடுக்கல போல இருக்கு."

"எந்தத் தாத்தா?"

"என் தாத்தா. அப்பாவோட அப்பா."

அத்தை வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் எடுத்து வர வேண்டியதாயிற்று. "அவரு ஏண்டா என்னத் தத்தெடுக்கணும்? அவர நான் பாத்ததே இல்ல. என்ன வளத்தது பக்கத்து வீட்டு லைன்மேன் வீடுடா, கரண்டு கம்பி வேல பாத்தவரு. ஒங்கப்பா வீட்டுக்கு ஒட்டுன செவுரு."

"அப்ப நான் இத்தன வருஷமா..."

"பஸ்ல சொல்றதுக்குக் கட்டி வெச்ச கதைன்னு நெனச்சேன். நீயே அத நம்புறேன்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு அவர் சொன்னது இதுதான். அப்பா இங்கே தனியாக வந்தவர், கல்யாணத்துக்கு நாள் ஆகிவிட்டவர். கல்யாணத்தன்று கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில்தான் அம்மா வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி யார் என்று. தாலியில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு. மற்ற இரண்டையும் பெண்ணின் பின்னால் நின்று போட வேண்டியது நாத்தனார். நாத்தனார் ஆவதற்கு இந்த ஊரில் அப்பாவுக்கு ஒரு ஆள் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். லைன்மேன் மனைவி, பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். போடி, அண்ணனுக்கு முடிச்சுப் போடு.

"போட்டேன். அவ்ளோதான். அன்னிலேர்ந்து தங்கச்சி. வளத்தவங்க ரெண்டு பேரும் போனப்பறம் அண்ணந்தான் கூட்டிட்டு வந்து வெச்சுக்கிட்டாரு, கட்டிக் குடுத்தாரு. யாரும் கேக்கல, எப்டி தங்கச்சின்னு."

எனக்கு ஆறுதலாக இருந்தது. அத்தைக்கு எல்லாம் தெரியும், வருத்தம் இல்லை, பிரச்சினை முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மீதி விவரத்தையும் உளறினேன். வாயால் வந்தது பென்சில், கடதாசியில் வந்தது மை, முதல் நாள் ரப்பர்.

அத்தை வடைப் பொட்டலத்தின் தாளை எடுத்து நான்காக மடித்தார். எட்டாக மடித்தார்.

"அப்போ செவுத்துல நான் இருக்க மாட்டேன்."

"அத்தை, அது வந்து..."

"பெத்தவங்க ஒண்ணும் எழுதாம குடுத்தாங்க. வளத்தவங்க பேரு என் சூரத்துல இருக்கு, ஆனா அவங்களுக்கு யாரு மரம் வரையப் போறா? ஒன்னோட மாமா எனக்கு முன்னாடி போயிட்டாரு." சூரத்து என்று அவர் சொல்வது பிறப்புப் பத்திரத்தை. "நானும் எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கேன்னு நெனச்சுட்டேன்டா. கீழ எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

கதவு வரை வந்து வழியனுப்புகிறவர் அன்று வரவில்லை. நான் ஒன்பது மாடியும் படியில் இறங்கினேன். லிஃப்டில் யாராவது இருந்தால் பேசிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "அந்தம்மா சனிக்கிழம இருப்பாங்களா? கல்யாணப் படத்த எடுத்துட்டு வா. நீ வாயத் தொறக்கக் கூடாது."

சனிக்கிழமை அத்தை பட்டுச் சேலையில் வந்தார், புது ரவிக்கையோடு. விழாவுக்கு என்று தைத்ததை முன்கூட்டியே போட்டுக்கொண்டு வந்திருந்தார், விழாவுக்கு வர மாட்டார் போல. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மாடி ஏறி, உதவி மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, நீங்கதானா அந்தப் பென்சில்?"

அக்கா எழுந்து நாற்காலி போட்டார். "ஓம் அக்கா, நான்தான். இருங்கோ." அத்தையின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

படம் மேசைக்கு வந்தது. அப்பா குனிந்திருக்கிறார், அம்மா அதைவிடக் குனிந்திருக்கிறார். அம்மாவின் பூச்சரத்துக்குப் பின்னால் ஒரு கண், அதற்குக் கீழே கழுத்தருகில் இரண்டு சின்னக் கைகள். அவ்வளவுதான் தெரியும். வாழ்நாளெல்லாம் பார்த்த படம். அந்தக் கைகளை நான் அத்தையின் கைகள் என்றுதான் பார்த்தேனே தவிர, கைகள் என்று பார்த்ததில்லை.

"இந்தக் கை யாருதுன்னு கேளுங்க" என்றார் அத்தை.

"யாரோ ஒரு சின்னப் பிள்ளையின்ர கை. அதுக்கு மேல படத்தில ஒண்டும் தெரியேல்ல, அக்கா."

அத்தை தன் இடது கையை மேசைமேல் வைத்தார். சுண்டு விரல் நுனியில் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியது. அக்கா இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கண்ணாடியை என்னிடம் நீட்டினார். பூச்சரத்துக்குக் கீழே, மஞ்சள் கயிற்றைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்று மட்டும் கூட்டத்தோடு சேராமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி. முடிச்சுப் போட்டது நீங்கள்தான்" என்றார் அக்கா. "ஆனா அவருக்குக் கூடப் பிறந்தனீங்கள் எண்டு இது சொல்லேல்ல."

"நான் எப்பங்க சொன்னேன் கூடப் பொறந்தேன்னு? இவன் சொன்னான்."

அங்கே இருந்த அத்தனை உறுப்பினர்களும் என்னைப் பார்த்தார்கள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் தும்மினேன். அது ஒன்றுதான் எனக்கு அப்போது அனுமதிக்கப்பட்டிருந்தது.

"தங்கச்சி, நான் ஒண்ணு கேக்குறேன். இவங்கப்பா அம்மா கல்யாணம் மையிலதானே போட்டிருக்கீங்க?"

"ஓம். பதிவு இருக்கு."

"மூணு முடிச்சு போட்டாத்தான் அது கல்யாணம். அதுல அண்ணன் போட்டது ஒண்ணு. நான் போட்டது ரெண்டு. என் ரெண்டையும் நீங்க ரப்பர வெச்சு அழிச்சா, கயித்துல என்ன நிக்கும்? மூணுல ரெண்டு பங்கு கல்யாணம் பென்சில்தான். அப்போ இதோ இருக்கானே, இவனையும் பென்சில்ல போடுங்க. இவன அழிச்சா எனக்கொண்ணும் வருத்தமில்ல."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நாற்பது வருடம் பதிவேடு பார்த்தவர். ஒரு வாதம் வந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற முகம். தாளை விரித்தார். பென்சிலைத் தொட்டார், விட்டார். தாத்தாவிலிருந்து அத்தைக்கு இறங்கிய கோட்டை ரப்பரால் அழித்தார். துகள்களை ஊதினார். அத்தை தன் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"தங்கை எண்டு எழுத மாட்டன், அக்கா. அதுக்குக் கடதாசி இல்ல."

அத்தை தலையாட்டினார். எழுந்திருக்கப் போனார்.

"இருங்கோ. நான் முடிக்கேல்ல. கலியாணத்துக்குக் கடதாசி இருக்கு. அதில உங்கட கை இருக்கிறதுக்குப் படம் இருக்கு. படமும் கடதாசிதான்."

மைப்பேனாவைத் திறந்தார். அப்பாவின் பெயருக்கும் அம்மாவின் பெயருக்கும் நடுவே ஓடிய கல்யாணக் கோட்டின் மேல், சரியாக நடுவில், அத்தையின் பெயரை எழுதினார். கீழே சின்னதாக: 'முடிச்சு இரண்டும் போட்டவர்.' எழுதிவிட்டு, பழக்கத்தில் மை காய்வதற்காகத் தாளைச் சாய்த்துப் பிடித்தார். அத்தை குனிந்து எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு பூதக்கண்ணாடியை வாங்கி மறுபடியும் படித்தார்.

"அழியாதே?"

"அழியாது அக்கா. நானே நினைச்சாலும் ஏலாது."

கீழே இறங்கி வரும்போது அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசிப் படியில் நின்று, "இப்ப பேசலாம்" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அதை அவர் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விழா நாளில் அதே சேலை, அதே ரவிக்கை. செங்காங்கிலிருந்து எட்டுப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். எங்கள் குடும்ப மரம் சுவரில் ஒரு மூலையில்தான் இருந்தது. பத்துப் பேரும், கோட்டின் மேல் ஒருவருமாக, மொத்தம் பதினொன்று. மற்றக் குடும்பங்களின் ஆலமரங்களுக்குப் பக்கத்தில் தொட்டிச்செடி மாதிரி. அத்தை அதற்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மலாய் மக்சிக் அம்மா கேட்டால் மலாயில், ஒரு சீன அம்மா கேட்டால் அரைகுறை ஹொக்கியெனில், யாரும் கேட்காவிட்டால் தமிழில், தன் விரலை நீட்டி நீட்டி முடிச்சுக் கதையைச் சொன்னார். நான்காவது முறை சொல்லும்போது கெட்டிமேளக்காரர்கள் கூட அழுதார்கள் என்று வந்தது. எனக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும். இன்னும் இரண்டு வருடத்தில் அத்தை அந்தக் கல்யாணத்துக்கு ஒரு யானையைக் கொண்டுவந்துவிடுவார்.

அப்போது ஒரு ஆள் என்னிடம் வந்தார். "அங்கிள், நீங்க பஸ் ஓட்டுனீங்கதானே? ஒங்க தாத்தாதானே அந்தப் பாலத்த..."

நான் வாயைத் திறந்தேன். நாற்காலியிலிருந்து இருமல் சத்தம் வந்தது. உதவி மேசையிலிருந்து கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வந்தது. வாசலில் நின்ற என் மனைவி மட்டும் வாயாலேயே "பீப்" என்றாள்.

"பாலத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக. அவருக்கு நம்பவே முடியவில்லை.

எல்லாரும் போன பிறகு அத்தை எழுந்து நின்று மரத்தைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தன் பெயரை விரலால் தொடாமல் தொட்டார். கீழே, அடிக்கொம்பில் இருந்த என் பெயரைக் கண்ணைச் சுருக்கித் தேடிக் கண்டுபிடித்தார்.

"இவ்ளோ சின்னதா எழுதியிருக்காங்க ஒன்ன" என்றார். "பேச்ச வெச்சுப் பாத்தா பெருசா இருப்பேன்னு நெனச்சேன்."